நரம்பின் வேகம் யாருடையது?

ஆறு மாதக் குழந்தையின் உள்ளங்காலில், குதிகாலில் தொடங்கி சுண்டுவிரல் பக்கமாக மேலே, ஒரு சாவியின் முனையால் மெல்லக் கோடு இழுத்தால் காலின் கட்டைவிரல் மேல்நோக்கி நிமிரும். மற்ற விரல்கள் விரியும். அதையே உங்களுக்கோ எனக்கோ செய்தால் விரல்கள் கீழே மடங்கும். பெரியவர் ஒருவருக்குக் கட்டைவிரல் நிமிர்ந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதையில் எங்கோ பழுது என்று மருத்துவர் புரிந்துகொள்வார். பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் சொல்லிக்கொடுத்த சோதனை இது. ஸ்கேன் இயந்திரங்கள் வந்த பிறகும் நரம்பியல் வார்டுகளில் தினமும் நடக்கிறது.

குழந்தைக்கு மட்டும் ஏன் விரல் நிமிர்கிறது? அதன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்பிழைகள் பிறக்கும்போதே அங்கே இருக்கின்றன. அவற்றின் மேல் மையலின் உறை இன்னும் முழுதாகச் சுற்றப்படவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் அந்தப் பாதையில் பெரும்பகுதி வேலை முடியும். குழந்தை எழுந்து நிற்பதும் தத்தித் தத்தி நடப்பதும் அதே காலத்தில்தான். பிறகு உள்ளங்காலைக் கீறினால் விரல் கீழே மடங்கும்.

இந்த உறையை நரம்பு தானாகச் செய்துகொள்வதில்லை. கிளியல் செல்கள் என்ற வேறொரு கூட்டம் செய்து கொடுக்கிறது. கை மரத்துப்போனால், கால் தள்ளாடினால், ‘நரம்பு செத்துப்போச்சு’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பல நேரங்களில் செத்தது நரம்பிழை அல்ல. அதைச் சுற்றியிருந்த உறை அல்லது உறையைப் பராமரிக்கும் செல். உறை மட்டும் போன நரம்பை மீட்க முடியும், காலத்தோடு கவனித்தால். அந்தக் காலம் கடந்துவிட்டதால் கைகால்களின் பயனை இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

கிளியல் செல்களை அறிவியலே நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1854இல் மையலினுக்கும், 1856இல் நியூரோகிளியாவுக்கும் பெயர் வைத்தார். நரம்பு செல்களுக்கு நடுவே நிறைந்திருந்த அந்தப் பொருளை, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஒருவிதப் பசையாகவே அவர் பார்த்தார். பசைக்கென்று தனி வேலை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நியூரான்களைத் தேடிப் போனவர்கள் வழியில் தென்பட்டதை ஒதுக்கிவிட்டு நடந்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர்களில் பியோ டெல் ரியோ ஒர்த்தேகாவின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 1882இல் ஸ்பெயினின் வல்லடோலிட் அருகே போர்ட்டில்லோ என்ற சிற்றூரில் பிறந்தவர். மாட்ரிட்டில், நரம்பியலின் தந்தை என்றே போற்றப்படும் சாந்தியாகோ ரமோன் இ கஹாலின் நிழலில் ஆய்வு செய்தார். மூளை தனித்தனி நியூரான்களால் ஆனது என்று நிறுவியதற்காகக் கஹால் 1906இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். தங்கம் கலந்த சாயம் ஒன்றை 1913இல் உருவாக்கி, ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியல் செல்களைத் துல்லியமாகக் காட்டியவரும் அவரே. ஆனால் அந்தச் சாயம் ஏறாத சின்னஞ்சிறு செல்கள் மிச்சமிருந்தன. கிளைகள் அற்ற அவற்றை ‘மூன்றாவது கூறு’ என்று கஹால் குறித்துவைத்தார்.

ஒர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு புதிய சாயம் ஒன்றைக் காய்ச்சினார். நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தச் செல்களுக்குக் கிளைகள் இருந்தன. அதுமட்டுமல்ல, அங்கே இருந்தவை இரண்டு வேறு வகைச் செல்கள். மூளைக்குள் நகர்ந்து சென்று சிதைவுகளை விழுங்கும் முதல் வகைக்கு 1919இல் மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். குட்டையான, சில கிளைகளே கொண்ட இரண்டாவது வகையை 1921இல் ஆலிகோடென்ட்ரோகிளியா என்றார். உடம்பின் மற்ற நரம்புகளில் ஷ்வான் செல்கள் என்ற கிளியல் செல்கள் செய்யும் வேலையை மூளையிலும் தண்டுவடத்திலும் இவைதான் செய்கின்றன என்று அப்போதே சொன்னார். மூளைக்குள் மையலின் தருவது இவைதான் என்பதே அதன் பொருள்.

ஆசானின் கூற்றைத் திருத்துவது எந்த ஊரிலும் எளிதல்ல. ஆய்வகத்துக்குள் ஏற்பட்ட மனக்கசப்பு முற்றி, 1920இல் ஒர்த்தேகா அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். மைக்ரோகிளியாவை உலகம் ஏற்றது. இரண்டாவது கண்டுபிடிப்பு தயக்கத்திலேயே கிடந்தது. கஹாலே அதை நம்பவில்லை என்பதால் மற்றவர்களும் நம்பவில்லை. பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையில் பெரும்பெயர் பெற்ற வைல்டர் பென்ஃபீல்ட் 1924இல் மாட்ரிட்டுக்கு வந்து, அந்தச் சாயத்தை ஒர்த்தேகாவிடமே கற்று, அதே செல்களைத் தானும் கண்டு எழுதிய பிறகே சந்தேகம் விலகத் தொடங்கியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் ஒர்த்தேகாவை நாட்டைவிட்டே துரத்தியது. பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு என்று அலைந்து 1945இல் பியூனஸ் அயர்ஸில் இறந்தார். தான் சொன்னது சரி என்று மின்னணு நுண்ணோக்கி உறுதிசெய்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த உறுதிப்பாடு இரண்டு கட்டமாக வந்தது. பெட்டி பென் கெரன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1954இல் கோழிக்கருவின் நரம்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, ஷ்வான் செல்லின் சவ்வே நரம்பிழையைச் சுருளாகச் சுற்றி மையலின் ஆகிறது என்று காட்டினார். அதுவரை, மையலின் என்பது நரம்பு சுரந்து தன்மேல் பூசிக்கொள்ளும் ஏதோ கொழுப்பு என்று எண்ணியவர்கள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் மேரி பங்கேவும் ரிச்சர்ட் பங்கேவும் தண்டுவடத்தில் அதே வேலையை ஒர்த்தேகா கண்ட அந்தச் செல், இன்றைய பெயரில் ஆலிகோடென்ட்ரோசைட், செய்வதைக் காட்டினார்கள்.

சுற்றும் விதம் வியக்கத்தக்கது. செல் தன் சவ்வைத் தகடாக நீட்டி இழையை அணைக்கிறது. அடுத்த சுற்று மேலே போவதில்லை. ஏற்கெனவே சுற்றிய அடுக்கின் அடியில், இழையை ஒட்டி நுழைந்து நுழைந்து சுற்றுகிறது. பெரிய இழைகளில் இப்படிப் பல டஜன் சுற்றுகள். சுற்றும்போதே அடுக்குகளுக்கு இடையிலுள்ள செல் திரவம் பிழிந்து வெளியேற்றப்பட, சவ்வும் சவ்வும் இறுகிக்கொள்கின்றன. ஒரு ஷ்வான் செல் ஒரே ஒரு இழையின் ஒரு துண்டுக்குத்தான் உறை தரும். ஆலிகோடென்ட்ரோசைட் ஒன்றோ கிளைகளை நீட்டி நாற்பது, ஐம்பது துண்டுகள்வரை சுற்றும். உலர்ந்த மையலினில் 70 முதல் 80 சதவீதம் கொழுப்பு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளையில் உடம்பின் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதையும் மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. நாம் சாப்பிடும் நெய்யிலிருந்து அங்கே போவதில்லை.

கிளியல் செல்கள் நியூரான்களைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று இன்றும் பல இடங்களில் படிக்கலாம். பிரேசிலின் சுசானா எர்குலானோ ஊசலும் அவரது குழுவினரும் 2009இல் மனித மூளையைக் கரைத்து, செல் உட்கருக்களை எண்ணிப் பார்த்தார்கள். நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டித்தான் இவற்றுக்கு மதிப்பு சேர்க்க வேண்டும் என்பதில்லை. செய்யும் வேலையே போதும்.

அந்த வேலை, வேகம். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நம்பப்பட்ட காலத்தில், 1850இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பில் அளந்தார்: நொடிக்கு சுமார் 30 மீட்டர். மையலின் இல்லாத இழையில் வேகம் கூட வேண்டுமானால் ஒரே வழி, இழை தடிக்க வேண்டும். கணவாய் மீன் அப்படித்தான் செய்கிறது. ஆபத்தில் பாய்ந்து தப்ப, கண்ணுக்கே தெரியும் அளவுக்கு, அரை மில்லிமீட்டருக்கும் தடித்த நரம்பிழையை வைத்திருக்கிறது. அதில் கிடைக்கும் வேகம் நொடிக்கு 25 மீட்டர் அளவில். நம் உடம்பில் மையலின் சுற்றிய இழை, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனில், நொடிக்கு 120 மீட்டர்வரை போகிறது. உறை இல்லாமல் இந்த வேகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு இழையும் பல மில்லிமீட்டர் தடிக்க வேண்டியிருக்கும். லட்சக்கணக்கான இழைகளை அந்தத் தடிமனில் வைக்க எந்த முதுகெலும்பிலும் இடம் இருக்காது.

ரகசியம் உறையில் மட்டும் இல்லை. உறை விட்டுவிட்டு இருப்பதில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீள உறை, பிறகு ஒரு மைக்ரான் அளவுக்கு வெற்று இடைவெளி, மறுபடி உறை. இந்த இடைவெளிகளை 1870களில் லூயி ரான்வீர் விவரித்ததால் அவை ரான்வீர் கணுக்கள். சோடியம் உள்ளே பாயும் வாயில்கள் அந்தக் கணுக்களில் நெருக்கியடித்துக் குவிந்திருக்கின்றன. டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் இச்சிஜி தசாகி தேரையின் ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து, சமிக்ஞை கணுவுக்குக் கணு தாவுகிறது என்று 1939இல் காட்டினார். ஹக்ஸ்லியும் ஸ்டாம்ஃப்லியும் 1949இல் அதை உறுதிசெய்தார்கள்.

இதை உணர ஆய்வகம் வேண்டாம். இருட்டில் நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால், இடித்தது உடனே தெரியும்; சுருக்கென்ற வலி சட்டென வரும்; பிறகு ஒரு கணம் கழித்து, பல்லைக் கடிக்கவைக்கும் அந்தக் கனத்த வலி வந்து சேரும். தொடு உணர்வு தடித்த உறையுள்ள இழையில் வந்தது. சுருக்கென்றது மெல்லிய உறையுள்ள இழையில். கடைசி வலி, உறையே இல்லாத இழையில், நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், காலிலிருந்து ஊர்ந்து வந்தது. ஒரே இடியின் மூன்று செய்திகள் மூன்று வேகத்தில் வருவதற்கு உறையின் தடிமனே முக்கியக் காரணம்.

மையலினை மின்கம்பியின் மேலுறையோடு ஒப்பிட்டே பள்ளியில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். கம்பியின் மேலுறை உயிரற்றது. கம்பிக்குச் சோறு போடாது. ஆலிகோடென்ட்ரோசைட் தான் சுற்றிய இழைக்கு லாக்டேட் என்ற எரிபொருளை ஊட்டுகிறது என்று 2012இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. உறை போய் நெடுநாள் ஆன இழை கடைசியில் தானும் மடிவதற்கு இது ஒரு காரணம்.

உறை சுற்றும் வேலை குழந்தைப் பருவத்தோடு முடிவதுமில்லை. உணர்வுக்கும் அசைவுக்கும் உரிய பாதைகள் முதலில் முடிகின்றன. திட்டமிடுவதற்கும் தன்னை அடக்கிக்கொள்வதற்கும் உரிய முன்மூளையில் இருபது வயதைத் தாண்டியும் வேலை தொடர்கிறது. பெரியவர்கள் புதிதாக ஒன்றைக் கற்கும்போதும் இந்தச் செல்கள் தேவைப்படுகின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2014இல் வெளியான ஆய்வில், கம்பிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் அமைந்த சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டார்கள். புதிய ஆலிகோடென்ட்ரோசைட் உருவாக முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளால் அந்த ஓட்டத்தைச் சரியாகக் கற்க முடியவில்லை. நீக்குவதற்கு முன்பே கற்றிருந்த எலிகள் மறக்காமல் ஓடின. இதையெல்லாம் காட்டி, குழந்தையின் மூளையை வளர்க்கும் பொடி, டானிக் என்று விற்க வருபவர்களை நம்ப வேண்டாம். அந்த எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது பயிற்சி, பொடி அல்ல.

இனி, உறை கெடும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

பாரிஸின் சால்பெட்ரியே மருத்துவமனையில் ஷான்-மார்டின் ஷார்கோ 1868இல் தனி நோயாக வரையறுத்ததுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினைத் தாக்கும் நோய். ஒரு கண் திடீரென மங்கும்; சில வாரங்களில் தெளியும்; மாதங்கள் கழித்து ஒரு கால் துவளும். எப்ஸ்டீன்-பார் என்ற, ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றும் வைரஸுக்கும் இந்நோய்க்கும் உள்ள வலுவான தொடர்பை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளில், அந்தத் தொற்றுக்குப் பிறகு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. ஆனால் தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது.

நம் வெயிலில் இந்நோயாளிகள் படும் பாடு தனி. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே மங்கிய பார்வை மேலும் மங்கும், கால் ஓயும். உறை இழந்த இழையில் சமிக்ஞை தட்டுத்தடுமாறித்தான் கடக்கிறது. வெப்பம் கூடினால் சோடியம் வாயில்கள் விரைவாக மூடிக்கொள்ள, மிச்சமிருந்த மின்னோட்டமும் போதாமல் நின்றுவிடுகிறது. உடம்பு குளிர்ந்ததும் திரும்பும். ஜெர்மன் கண் மருத்துவர் உத்தோஃப் 1890இல் பதிவு செய்த இந்த விளைவு, சித்திரை மாதத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நோயாளியிடம் அப்படியே நடக்கிறது. ‘காலையில் நன்றாகத்தானே இருந்தாய்’ என்று வீட்டாரும் அலுவலகமும் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய அநீதி!

மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளில் இதுபோன்ற தாக்குதல் கில்லன்-பாரே நோய். 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து செய்தியானது. மாசுபட்ட தண்ணீர், உணவு வழியே வரும் கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகளால் வயிற்றுப்போக்கு வந்து, ஓரிரு வாரங்களில் கால்கள் துவளத் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகள்வரை போகலாம். சில நாளிலேயே வென்டிலேட்டர் தேவைப்படலாம். உறை மட்டும் பழுதானவர்களுக்கு ஷ்வான் செல்கள் மறுபடி சுற்றிக் கொடுக்கின்றன. வாரங்களிலோ மாதங்களிலோ பலர் எழுந்து நடக்கிறார்கள். இழையே அறுந்தவர்களுக்கு அப்படியல்ல.

இவற்றைவிட நமக்கு நெருக்கமானது வைட்டமின் பி12 குறைபாடு. மையலினைப் பராமரிக்க பி12 தேவை; தாவர உணவில் அது இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியேதான் வருகிறது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு சத்தமில்லாமல் வளரும். பாதங்களில் எறும்பு ஊர்வது, பஞ்சில் நடப்பது மாதிரி இருக்கிறது என்பார்கள். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுவார்கள்: கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும், தண்டுவடத்தின் பின்பக்க இழைகள் உறை இழந்துவிட்டன, அதுவரை கண்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், அமிலம் குறைக்கும் மாத்திரைகளை விடாமல் விழுங்குபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரையால் வந்த எரிச்சல் என்று விட்டுவிடுகிறோம். ரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும் விஷயம் இது. சில மாதத்துக்குள் ஊசி போடத் தொடங்கினால் பெரும்பாலும் மீளலாம்.

உறையை மருந்தால் திரும்ப வளர்க்க முடியுமா என்பதே இன்றைய ஆய்வுகளின் பெரிய கேள்வி. உறை செய்யும் செல்லாக மாறக் காத்திருக்கும் முன்னோடிச் செல்கள் பெரியவர்களின் மூளையிலும் ஏறக்குறைய 5 சதவீதம் இருக்கின்றன. வயதாக ஆக அவை மந்தமாகின்றன. பழைய ஒவ்வாமை மாத்திரையான கிளெமாஸ்டின் அவற்றைத் தூண்டுமா என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 50 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் நேரம் 1.7 மில்லிநொடி குறைந்தது. சிறிய எண்தான். ஆனால் நெடுநாள் முன்பு பழுதான நரம்பில் மருந்தால் வேகத்தைக் கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவரலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.

புதிய மருந்துக்குக் காத்திருக்கவே தேவையில்லாத ஒரு நோய் நம்மிடையே இன்னும் இருக்கிறது: தொழுநோய். அது கிளியல் செல்லின் நோய் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. குளிர்ச்சியை விரும்புவதால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைத் தேர்ந்தெடுக்கிறது. கிருமி மெதுவாகக் கெடுப்பது ஒருபுறம். அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சி நரம்பை வீங்கவைத்து நசுக்குவது மறுபுறம்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவை மருத்துவராகச் சேர்ந்தவர். 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, மடங்கிப்போன விரல்களைக் கொண்ட ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. அந்தக் கையில் நல்ல தசைகள் இருந்தன. நரம்பு போன சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. இன்னொரு நாள், தன்னால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நோய் சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பியதை பிராண்ட் மறுத்தார். வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும், அவற்றில் சேரும் சீழுமே விரல்களைக் கொண்டுபோகின்றன என்றார். ஆரோக்கியமான தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். வேலூரிலும் கரிகிரியிலும் வளர்ந்த அந்தச் சிகிச்சை முறை உலகெங்கும் போனது.

இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகின் மொத்தத்தில் அது பாதிக்கு மேல். முழங்கையின் உட்புறம், இடித்தால் கரண்ட் அடித்தது போலிருக்கும் இடத்தில், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. பழகிய விரல்கள் தடவிப் பார்த்தால் அது தடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெளிறிய தேமலின் மேல் பேனா முனையால் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரை ‘எங்கே தொட்டேன்?’ என்று கேட்டால் உணர்வு இருக்கிறதா என்பதும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் கிருமி ஒழியும். கை பலவீனமோ மரத்துப்போவதோ தொடங்கி ஆறு மாதத்துக்குள், அழற்சியை அடக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையும் ஆரம்பித்தால் நரம்பு மீள நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால், கிருமி செத்த பிறகும் விரல் மடங்கியே இருக்கும். மிச்சம் அறுவை சிகிச்சைதான்.